காதுக்குள் ஓயாத தறி: மருந்து வரும்வரை என்ன செய்யலாம்

ராத்திரி கரண்ட் போனால் மற்றவர்களுக்கு வியர்க்கும், நமக்குக் காது கத்தும். ஃபேன் சத்தத்துக்குப் பின்னால் அதுவரை பதுங்கியிருந்த இரைச்சல், இறக்கை நின்ற மறுநொடியே மண்டை முழுக்க நிறைந்துவிடும். இதைப் படித்ததும் "ஆமாம், எனக்கும் அப்படித்தான்" என்று தோன்றினால், கீழே எழுதியிருப்பது உங்களுக்காகத்தான்.

நான் கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடும் தறிக்குடோன். பதினான்கு வயதில் தார் சுற்ற, அதாவது நாடாவுக்குள் வைக்கும் கட்டையில் நூல் சுற்ற, உட்கார்ந்தேன், பதினேழில் தறி ஓட்ட நின்றேன். நாடா தறி என்றால் தெரியும்தானே, பக்கத்தில் நிற்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சே புரியும். முப்பத்தாறாவது வயதில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம் நிற்கவில்லை. மறுநாள் காலையிலும் இருந்தது. பதினோரு வருடமாக இருக்கிறது. கூடவே கேட்கும் திறனும் குறைந்துகொண்டே வந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் எது உதவியது, எது காசைத் தின்றது, வெளிநாட்டு ஆய்வுகளில் எதை நம்பலாம் என்று தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னும் போய்வந்த பின்னும் ஒரு மனிதனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இது.

முதலில் அவசரமானது

ஒரு காதோ இரண்டுமோ திடீரென்று, ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில் கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போங்கள். "சளியாக இருக்கும், அழுக்காக இருக்கும், ஒரு வாரம் பார்ப்போம்" என்று வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள். நரம்பு சார்ந்த திடீர் கேளாமைக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அது முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மாத்திரையில் சரியாகாவிட்டால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசி போடும் முறையும் இருக்கிறது, அதற்கும் காலக்கெடு உண்டு. எங்கள் ஊரில் ஒருவர் பண்டிகை முடியட்டும் என்று இருபது நாள் கழித்துப் போனார். அந்தக் காது திரும்பவே இல்லை.

இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து தும் தும் என்று அடித்தாலோ, தலைசுற்றல், முகத்தில் ஒரு பக்கம் இழுப்பு, காதில் சீழ் இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலோ அதையும் தள்ளிப்போடக் கூடாது. எனக்கு வலது காதில் சத்தம் கூடுதல் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். செவி நரம்பில் சிலருக்குப் புற்றுநோய் இல்லாத ஒரு கட்டி வளரும், அது இல்லை என்று உறுதிசெய்யத்தான். பயந்துகொண்டே எடுத்தேன், ஒன்றும் இல்லை. அந்த நிம்மதியே பாதி இரைச்சலைக் குறைத்தது போல இருந்தது.

நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரியான ஊசிகள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின், அதிக அளவு ஆஸ்பிரின், குயினைன் இவையெல்லாம் காதைப் பாதிக்கக்கூடியவை. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். காதில் ஏற்கெனவே பிரச்சினை இருக்கிறது என்று எழுதித் தரும் டாக்டருக்குத் தெரிந்திருந்தால் போதும், மாற்று இருந்தால் பார்ப்பார்.

காதுக்குள் எண்ணெய் வேண்டாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை என் அத்தை இரண்டு முறை ஊற்றினார், பாசத்தில்தான். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் உள்ளே போய்க் கிருமியை வளர்க்கும். பட்ஸ், ஊக்கு, கோழி இறகு எல்லாமே அழுக்கை இன்னும் உள்ளே தள்ளத்தான் செய்யும். அழுக்கு அடைத்தாலும் இரைச்சல் வரும் என்பதால் டாக்டர் முதலில் பார்ப்பதே அதைத்தான். அது மட்டும்தான் காரணம் என்றால் நீங்கள் பாக்கியசாலி, பத்து நிமிட வேலை.

உள்ளே நடப்பது என்ன

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறையும், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

கேளாமை இரண்டு வகை. வெளிக்காது, நடுக்காதில் தடை இருந்தால் ஒரு வகை: அழுக்கு, நீர் கோத்தல், செவிப்பறை ஓட்டை, நடுக்காது எலும்பு இறுகிப்போவது. இவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்யலாம். இன்னொன்று உள்காது சார்ந்தது, தறிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் வருவது பெரும்பாலும் இதுதான். உள்காதில் நத்தைக் கூடு மாதிரி காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் வரிசையாகச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலியின் அசைவை மின்குறிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பது அவைதான். பேரொலி அவற்றைக் கொன்றுவிடும். கோழிக்கும் மீனுக்கும் அவை மறுபடி முளைக்கும். கோழிக் குஞ்சுகளில் அப்படி முளைப்பதை 1988-ல் நிரூபித்தார்கள், காது கேட்க வைக்கும் மருந்து என்ற கனவின் விதையே அங்கேதான் விழுந்தது. மனிதனுக்கு முளைப்பதில்லை. போனது போனதுதான், இன்றைய நிலைமைக்கு.

தறி மாதிரி தொடர்ந்த சத்தத்தில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர் சுருதி. அதனால்தான் "சத்தம் கேட்குது, ஆனால் என்ன சொல்றாங்கன்னு புரியலை" என்கிறோம். உயிரெழுத்து தணிந்த சுருதியில் இருக்கிறது, அது கேட்டுவிடும். க, ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் மேலே இருக்கின்றன, அவை விழாது. "பால் வாங்கிட்டு வா" என்றால் ஆல் மட்டும் கேட்கும், பாலா, காலா, தாளா என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஆனால் இப்படி ஊகித்தே களைத்துப்போவோம். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கோபம் என்று நினைப்பார்கள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? செல்கள் செத்த இடத்திலிருந்து குறிப்பு வராதபோது, மூளை அந்த வரிசையின் வால்யூமைத் தானாகக் கூட்டுகிறது, அப்படிக் கூட்டும்போது நரம்புகளுக்குள்ளேயே இருக்கும் சலசலப்பு நமக்குச் சத்தமாகக் கேட்கிறது. ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இது. 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தார்கள். சில நிமிடங்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அதாவது இந்தச் சலசலப்பு கிட்டத்தட்ட எல்லோருக்குள்ளும் இருக்கிறது. உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, மூளைக்குள் எதுவும் வெடிக்கப் போவதுமில்லை. இதை எனக்கு யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரிகள் தூங்கியிருப்பேன். நான் முதலில் பார்த்த டாக்டர் "இதுக்கு மருந்து இல்லை, பழகிக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் எப்படிப் பழகுவது என்று சொல்லவில்லை.

ராத்திரியும் மனசும்

முழு அமைதியைத் தேடாதீர்கள். சத்தம் தாங்கவில்லை என்று ஆரம்பத்தில் பஞ்சை அடைத்துக்கொண்டு இருட்டறையில் படுத்தேன், அது எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டது போல ஆயிற்று. வெளிச் சத்தம் குறையக் குறைய மூளை வால்யூமை இன்னும் ஏற்றும். படுக்கும் அறையில் மெல்லிய, ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு சத்தம் இருக்கட்டும். ஃபேன் போதும். மார்கழிக் குளிரில் ஃபேன் போட முடியாதபோது போனில் மழைச் சத்தம், கடல் அலை, நிலையம் பிடிக்காத ரேடியோவின் இரைச்சல் எதையாவது ஸ்பீக்கரில் வையுங்கள், இயர்போனில் வேண்டாம். அளவு முக்கியம்: உள் இரைச்சலை மூழ்கடிக்கிற அளவுக்கு வைக்காமல், அதைவிடக் கொஞ்சம் தணிவாக, இரண்டும் கலந்து கேட்கும்படி வைக்க வேண்டும். முழுதாக மறைத்துவிட்டால் மூளைக்கு அதை அலட்சியப்படுத்தப் பழகும் வாய்ப்பே கிடைக்காது. கரண்ட் போகும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், ராத்திரி இரண்டு மணி வண்டி அவர்களை எழுப்புவதில்லை. ஆனால் வந்த முதல் வாரம் எழுப்பியிருக்கும். ரயில் மாறவில்லை, அது ஆபத்து இல்லை என்று மூளை முடிவுசெய்துவிட்டது. நமக்கும் நடக்க வேண்டியது அதேதான். நடக்கும், ஆனால் மாதக்கணக்கில். எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

இதற்கு உதவுவதாக நல்ல ஆதாரம் உள்ள ஒரே மனப்பயிற்சி சி.பி.டி. எனப்படும் அறிவுசார் நடத்தை சிகிச்சை. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இது இரைச்சலால் வாழ்க்கையில் வரும் பாதிப்பைக் குறைக்கிறது என்று வந்தது. சத்தத்தின் அளவைக் குறைக்காது, அது நம்மைப் படுத்தும் பாட்டைக் குறைக்கும். மனநல ஆலோசகர்கள் செய்வார்கள். நான் செய்ததன் சாரம் இவ்வளவுதான்: ராத்திரி விழிப்பு வரும்போது மனசில் ஓடுவதை நோட்டில் எழுதுவது. "இனிமேல் என்னால் ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்க முடியாது" என்று எழுதுவேன். காலையில் அதற்குக் கீழே, நேற்று எந்த நேரத்தில் இரைச்சலை மறந்திருந்தேன் என்று எழுத வேண்டும். முதல் நாள் ஒன்றும் இல்லை. நாலைந்து நாளில் "மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தபோது", "சந்தையில்" என்று வர ஆரம்பித்தது. அந்தப் பட்டியல் நீண்டதுதான் எனக்கு மருந்தாக இருந்தது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தச் சத்தத்தோடு உயிர் வாழ வேண்டுமா என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது, எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. வந்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104 எண்ணும் உண்டு. போனில் பேசினால் கேட்காது என்றால் வீட்டிலிருப்பவரைப் பேசச் சொல்லுங்கள், அல்லது அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரே போங்கள். தூக்கமின்மையும் மனச்சோர்வும் சிகிச்சைக்குக் கட்டுப்படும், அவை கட்டுப்பட்டால் இரைச்சலும் சுருங்கும்.

காது மிஷின்

நான் அதிகம் தவறு செய்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் மிஷினை ஒரு கடையில், பரிசோதனையே இல்லாமல், காதில் மாட்டிப் பார்த்து "கேட்குதா?" "கேட்குது" என்ற இரண்டு வார்த்தையில் வாங்கினேன். பதினெட்டாயிரம் ரூபாய். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெரிதாக்கியது, பாத்திரம் விழுந்தால் உயிர் போயிற்று, இரண்டு மாதத்தில் பீரோவுக்குள் போய்விட்டது. அடுத்த நான்கு வருடம் "மிஷின் எனக்குச் சரிவராது" என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நான்கு வருடத்துக்காகத்தான் இன்றும் வருந்துகிறேன். பதினெட்டாயிரம் போனதுகூடப் பெரிதில்லை. பேச்சொலி போய்ச் சேராத காதில், வார்த்தையைப் பிரித்தறியும் திறன் மூளைக்கு மெல்ல மங்கிவிடும். பிறகு நல்ல மிஷின் மாட்டினாலும் அது முழுதாகத் திரும்புவது கடினம்.

ஆகவே ஒழுங்கான வழி இது. ஆடியாலஜிஸ்ட், அதாவது கேள்திறன் நிபுணர், இருக்கும் இடத்தில் ஒலிபுகா அறையில் ஆடியோகிராம் எடுங்கள். எந்தச் சுருதி எந்த அளவில் கேட்கிறது என்று காட்டும் வரைபடம் அது, கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைகிறது என்று அர்த்தம். அந்தக் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் சொத்து. சத்தம் எந்த அளவில் கேட்கிறது என்பதோடு வார்த்தைகள் எத்தனை சதவீதம் புரிகின்றன என்ற சோதனையையும் செய்யச் சொல்லுங்கள், தமிழ் வார்த்தைப் பட்டியலில். மிஷினை உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்ப கம்ப்யூட்டரில் பொருத்தித் தர வேண்டும். சில நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள், விடாத இடத்தில் வாங்க யோசியுங்கள். இரண்டு காதிலும் குறை இருந்தால் முடிந்தவரை இரண்டுக்கும். விலை பத்து, பதினைந்தாயிரத்தில் தொடங்கி லட்சங்களுக்குப் போகிறது. நடுத்தர விலையில் நன்றாகப் பொருத்திய மிஷின், ஏனோதானோவென்று பொருத்திய விலையுயர்ந்த மிஷினைவிட நன்றாக வேலை செய்யும். காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.

முதல் ஒரு மாதம் பிடிக்காது. கரண்டிச் சத்தம், காகிதம் கசங்குவது, உங்கள் குரலே டிரம்முக்குள் பேசுவது மாதிரி இருக்கும். பல வருடமாக வராத ஒலிகள் வருவதால் மூளை திணறுகிறது. முதல் வாரம் வீட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போய் முழுப் பகலும். கழற்றி வைத்துவிட்டு விசேஷத்துக்கு மட்டும் மாட்டினால் ஒருநாளும் பழகாது. சரியில்லை என்று தோன்றுவதை எழுதிக்கொண்டு போய் மூன்று, நான்கு முறையாவது மாற்றி அமைக்கச் சொல்லுங்கள், அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நம் ஊர் வியர்வை மிஷினுக்கு எதிரி: ராத்திரி கழற்றித் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள், பேட்டரி மூடியைத் திறந்தபடி.

எனக்கு எதிர்பாராமல் கிடைத்த நன்மை, மிஷின் மாட்டியிருக்கும் நேரத்தில் சில்வண்டு பின்னால் போய்விட்டது. வெளிச்சத்தம் வந்ததும் மூளைக்கு அந்த வால்யூம் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேளாமையும் இரைச்சலும் சேர்ந்து உள்ளவர்களுக்கு மிஷினைப் பரிசீலிக்கச் சொல்லித்தான் அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை நிபுணர்கள் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. அதே வழிகாட்டுதல் ஜிங்கோ என்ற மர இலைச் சாறு, துத்தநாகம், மெலடோனின் மாத்திரைகளை இரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. நான் ஜிங்கோ எட்டு மாதம் சாப்பிட்டேன்.

காசு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக இலவசக் காது கருவி கிடைக்கும். 2016-ம் வருடச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 முதல் 70 டெசிபெல் (ஒலியை அளக்கும் அலகு) இழப்பு இருந்தால் கேள்திறன் குறைந்தவர், 70-க்கு மேல் என்றால் காது கேளாதவர். அரசு மருத்துவமனையில் சோதித்து அடையாள அட்டை வாங்கலாம். மிஷினிலும் பேச்சு புரியாத அளவுக்குப் போய்விட்டவர்களுக்குக் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி, இருக்கிறது, பெரியவர்களுக்கும் செய்கிறார்கள், பலருக்கு அதோடு இரைச்சலும் குறைகிறது. குழந்தை பிறவியிலேயே கேளாமையோடு பிறந்திருந்தால் புதிய மருந்துக்காகக் காத்திருக்கவே கூடாது. மொழி வளரும் வருடங்கள் திரும்ப வராது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு, ஓடிப்போய்ப் பதிவுசெய்யுங்கள்.

வீட்டில், கடையில்

"டமாரம்" என்பார்கள், "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்பார்கள். கண்ணாடி போட்டவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, காது மிஷினைப் பார்த்தால் குரலை உயர்த்தி குழந்தையிடம் பேசுவது மாதிரி பேசுகிறார்கள். எனக்குக் கோபம் வரும், இன்னும் வருகிறது. ஆனால் மறைத்துக்கொண்டு தலையாட்டியதில்தான் அதிகம் இழந்தேன், புரியாமல் "சரி சரி" என்று சொல்லி ஒருமுறை தவறான நூல் கட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "எனக்குக் காது கொஞ்சம் மந்தம், முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்லுங்க." கத்த வேண்டியதில்லை, கத்தினால் வார்த்தை இன்னும் சிதையும்.

வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். என் மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டார், வந்து தோளைத் தொட்டு, நான் திரும்பிய பிறகுதான் பேசுகிறார். புரியாத வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்கிறார். டிவி ஓடும்போது முக்கியமான பேச்சு இல்லை. இதற்கு ஒரு சண்டை, இரண்டு சமாதானம் தேவைப்பட்டது. வங்கி, ரேஷன் கடை, மருத்துவமனை மாதிரி இடங்களில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைத் திறந்து மேசையில் வைத்தால் எதிரில் பேசுவது தமிழில் எழுத்தாக வரும். கொங்குத் தமிழில் வேகமாகப் பேசினால் தடுமாறும், ஆனாலும் தேதியும் மாத்திரைப் பெயரும் பிடிபடும்.

வயதான அப்பா அம்மாவுக்காக இதைப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மிஷினால் நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் ஏற்கெனவே மறதி வரும் வாய்ப்பு அதிகம் இருந்த பிரிவில், மிஷின் போட்டவர்களுக்கு அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது. "இந்த வயசுக்கு எதுக்கு" என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

மிச்சத்தைக் காப்பது

85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி, 91-ல் இரண்டு, 94-ல் ஒன்று. 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான். எங்கள் குடோனில் போன் செயலி 97 காட்டியது. போன் அளவு துல்லியம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் 12 மணி நேர ஷிப்டை எண்ணிப் பாருங்கள்.

தறியில் நிற்பவர்களே, பஞ்சு காப்பாற்றாது. நுரை இயர்பிளக் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை விரலில் மெல்லியதாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. தறி ஓடும் சத்தம் வைத்தே பழுதைக் கண்டுபிடிப்பவர்கள் நாம், அது கேட்காதே என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிடும், நூல் அறுந்தாலும் தெரிகிறது. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு முன்வரிசையைத் தவிருங்கள், தீபாவளிக்குப் பிளக் பையில் இருக்கட்டும். ஆனால் வீட்டு அமைதியில் மாட்டிக்கொண்டே இருக்காதீர்கள், அது இரைச்சலைத்தான் வளர்க்கும்.

வரப்போகிற சிகிச்சைகள்

"ஊசி ஒன்று போட்டால் மயிர்ச்செல் முளைக்கும்" என்ற செய்தியை நானும் பல ராத்திரி படித்தபடி விழித்திருந்தேன். அமெரிக்காவில் ஃபிரீக்வன்சி தெரபியூட்டிக்ஸ் என்ற நிறுவனம் எஃப்.எக்ஸ்-322 என்ற மருந்தை அப்படித்தான் கொண்டுவந்தது. முதல் முடிவுகள் நன்றாக இருந்தன. 2023 பிப்ரவரியில் பெரிய ஆய்வின் முடிவு வந்தது, மருந்தே இல்லாத வெற்று ஊசிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, திட்டத்தையே கைவிட்டார்கள். இரைச்சலுக்கான ஓட்டோனமி நிறுவனத்தின் ஓ.டி.ஓ-313 மருந்து 2022-ல் தோற்றது. அதற்கு முன் ஏ.எம்-101 என்ற இன்னொரு மருந்தும் தோற்றது. ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஒரு மருந்தின் மேல் உயிரை வைக்கக் கூடாது என்று அப்போதுதான் தெரிந்தது.

உண்மையாக நடந்தவையும் இருக்கின்றன. ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்துக்கான மரபணு பழுதாகிப் பிறவியிலேயே கேளாமல் இருந்த ஆறு குழந்தைகளுக்கு ஷாங்காயில் மரபணு சிகிச்சை கொடுத்தார்கள், ஐந்து குழந்தைகளுக்குக் கேட்க ஆரம்பித்தது. 2024 ஜனவரியில் அந்த முடிவு வெளியானபோது நான் அழுதுவிட்டேன். அது நமக்கான சிகிச்சை இல்லை, அந்தக் குழந்தைகளுக்கு மயிர்ச்செல்கள் உயிரோடு இருந்தன, ஒரு புரதம்தான் இல்லை. ஆனாலும் மனித உள்காதுக்குள் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கேட்க வைக்க முடியும் என்று முதன்முறையாகத் தெரிந்தது. இரைச்சலுக்கு லெனைர் என்ற கருவியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 மார்ச்சில் அனுமதித்தது. காதில் ஒலியும் நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் சேர்த்து, தினம் ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம். இரைச்சலை அழிக்காது, பலருக்குத் தொந்தரவைக் குறைக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் குழு கன்னத்திலோ கழுத்திலோ மின்தூண்டலும் ஒலியும் தரும் கருவியை 99 பேரிடம் சோதித்து அதே வருடம் முடிவை வெளியிட்டது. தாடையை இறுக்கினால், கழுத்தைத் திருப்பினால் சத்தம் மாறுகிறவர்களுக்கான முறை அது. உங்களுக்கு அப்படி மாறுகிறதா என்று இப்போதே பார்த்துக் குறித்துவையுங்கள்.

இந்த நம்பிக்கையை விலைபேசுபவர்களிடம் கவனமாக இருங்கள். "ஸ்டெம்செல் ஊசி, லட்ச ரூபாய், நூறு சதவீதம் குணம்" என்று விளம்பரம் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்கான ஸ்டெம்செல் மாற்று தவிர மற்றவை ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன, காசு வாங்கிக்கொண்டு சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. உண்மையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், சி.டி.ஆர்.ஐ. தளத்தில், பதிவு எண் இருக்கும். சோதனை மருந்துக்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள். எண் கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

செய்தி தேடுவதற்கு நான் ஒரு நாள் வைத்திருக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் தேடுவதில்லை. தேடும்போது மூன்று கேள்விகள்தான்: எலியிலா மனிதரிலா, எத்தனை பேர், வெற்று மருந்தோடு ஒப்பிட்டார்களா. பெரும்பாலான தலைப்புகள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

நாளைக்கு ஒரு நல்ல மருந்து வந்தாலும் அது மிஞ்சியிருக்கும் நரம்பையும் பேச்சை மறக்காத மூளையையும் வைத்துத்தான் வேலை செய்யும், அதனால் மிஷின் மாட்டுவதையும் பிளக் போடுவதையும் நான் அந்த மருந்துக்கான தயாரிப்பாகவே பார்க்கிறேன். வருடம் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துத் தேதியோடு ஒரே ஃபைலில் போட்டுவையுங்கள், எம்.ஆர்.ஐ. அறிக்கை, சாப்பிட்ட மருந்துகள், இரைச்சல் எந்த வருடம் எந்தக் காதில் தொடங்கியது என்ற குறிப்பு எல்லாம் அதிலேயே. ஆய்வில் சேர வேண்டி வந்தாலும், புது டாக்டரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான். என் ஃபைலில் ஒன்பது தாள் இருக்கிறது. கடைசி நான்கு தாளில் கோடு கீழே இறங்கவில்லை, அந்த நான்கும் நான் பிளக் போட்ட பிறகு எடுத்தவை.